திம்பம் ஏறாத மாருதி 800: சூட்டின் காரணத்தைத் தேடிய நான்கு வாரம்

சத்தியமங்கலம் மலையில், பண்ணாரியிலிருந்து திம்பம் ஏற 27 கொண்டை ஊசி வளைவுகள். பதினொன்றாவது வளைவில் எங்கள் மாருதி 800-இன் டெம்பரேச்சர் முள் முக்காலைத் தாண்டியது. பதினான்காவதில் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. சித்திரை மாதம், நண்பகல். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ப்ளோயரையும் முழு வேகத்தில் போட்டேன். பின்சீட்டில் அம்மா, "வெயில் பத்தாதுன்னு இது வேறயா?" என்றார். ஹீட்டருக்குள் இருப்பது ஒரு குட்டி ரேடியேட்டர்தான். எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வண்டிக்குள் கொண்டுவந்து கொட்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொடுமை, எஞ்சினுக்கு நல்லது. முள் ஒரு நூல் இறங்கியது. கொஞ்சம் அகலமான இடம் வந்ததும் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன்.

பானெட்டைத் திறந்து வைத்ததோடு சரி. ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவில்லை. உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடியைத் திருகிய நொடியில் கொதித்துப் பீய்ச்சி அடிக்கும். முகம், கை எல்லாம் வெந்துவிடும். முக்கால் மணி நேரம் காத்திருந்து, மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கிப் பார்த்து, அது துவண்ட பிறகுதான் மூடியைத் திறந்தேன். முக்கால் லிட்டர் குறைந்திருந்தது. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். திம்பம் தாண்டி ஆசனூர் போகும் திட்டத்தை விட்டுவிட்டு ஈரோட்டுக்கே திரும்பினோம். இறக்கத்தில் முள் பாதிக்கும் கீழே இருந்தது.

வண்டி 1999 மாடல். கார்புரேட்டர் வண்டி, 796 சிசி, மூன்று சிலிண்டர். ஏசி கிடையாது. அப்பா புதிதாக எடுத்தது. நான் ஓட்டிப் பழகியதும் இதில்தான். "கொடுத்துட்டு வேற பாரு" என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு மனது வரவில்லை. ஆனால் இந்த முறை ஒரு முடிவோடு இருந்தேன். காரணம் கையில் கிடைக்கும்வரை ஒரு பாகத்தையும் வாங்கி மாட்டுவதில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை வொர்க்‌ஷாப்பில் விட்டு, "சரி பண்ணியாச்சு" என்று எடுத்து வந்த வண்டி இது.

எப்போது சூடாகிறது?

முதல் வாரம் ஸ்பேனரையே தொடவில்லை. ஒரு நோட்டில், எந்தச் சாலை, எந்த வேகம், முள் எங்கே என்று மட்டும் எழுதி வந்தேன். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது சூடானால் அது ஒரு நோய், ஓடும்போது சூடானால் வேறு நோய். சிக்னலிலும் நெரிசலிலும் முள் ஏறி, வண்டி வேகம் பிடித்ததும் இறங்கினால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். வேகமாகப் போகும்போது எதிர்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், அங்கே ஃபேனுக்கு வேலை இல்லை. மாறாக, ஊருக்குள் ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலையிலோ மலையிலோ ஏறினால் காற்றில் குறை இல்லை. தண்ணீர் போதிய அளவு சுற்றவில்லை, அல்லது ரேடியேட்டரால் சூட்டை வெளியே தள்ள முடியவில்லை.

என் நோட்டில் பதிவானது இரண்டாவது ரகம். பன்னீர்செல்வம் பூங்கா நெரிசலில் இருபது நிமிடம் ஊர்ந்தும் முள் பாதியில் நின்றது. பெருந்துறை தாண்டி நெடுஞ்சாலையில் 80-இல் பத்து நிமிடம் போனதும் மெல்ல ஏறத் தொடங்கியது. 50-க்கு இறக்கியதும் இறங்கியது. எஞ்சின் எரிக்கும் பெட்ரோலின் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வழியாகத்தான் சூடாக வெளியேறியாக வேண்டும். எவ்வளவு அழுத்தி ஓட்டுகிறோமோ அவ்வளவு சூடு. இந்த வண்டி ஒரு அளவுவரை தாங்குகிறது, அதற்கு மேல் முடியவில்லை. அப்படியென்றால் எங்கோ பாதி அடைத்திருக்கிறது என்று அன்றே தோன்றியது. தோன்றியதை நம்பி வேலையில் இறங்கக் கூடாது என்று நோட்டை மூடி வைத்தேன்.

வாய் கட்டப்பட்ட வண்டி

அடுத்த சனிக்கிழமை காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்தேன். சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முன்பே, ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கியது. அது அப்படிச் சுற்றக் கூடாது. தண்ணீர் ஒரு சூட்டை எட்டிய பிறகுதான் தெர்மோ சுவிட்ச் ஃபேனுக்கு உயிர் கொடுக்க வேண்டும். ஒயரைத் தடவிக்கொண்டே போனால், சுவிட்சின் சாக்கெட் கழன்று தொங்குகிறது. ஃபேனுக்கு நேராக ஒரு ஒயர் இழுத்து, இன்சுலேஷன் டேப் சுற்றி, 'டைரக்ட்' கொடுத்திருக்கிறார்கள்.

சந்தேகம் வந்து தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினேன். உள்ளே வெறும் ஓட்டை. வால்வு இல்லை.

அப்பாவிடம் கேட்டேன். "நாலஞ்சு வருஷம் முன்னால சூடாகுதுன்னு விட்டப்போ, இந்த ஊர் வெயிலுக்கு வால்வு எதுக்குங்கன்னு எடுத்துட்டாங்கடா. அதுக்கப்புறம் நல்லாத்தானே ஓடுச்சு" என்றார்.

நல்லாத்தான் ஓடியது, அதுதான் பிரச்சினை. தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் கதவு. எஞ்சின் சூடாகும்வரை மூடியிருக்கும், இந்த வண்டியில் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும். அதை எடுத்துவிட்டால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகப் போய்வரும், முள் கீழேயே கிடக்கும். பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் கார்புரேட்டர் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, ஆயிலில் கலக்கும், மைலேஜ் குறையும், சிலிண்டர் தேயும். அதைவிடப் பெரிய தீங்கு, ரேடியேட்டர் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தாலும் முள் அதைக் காட்டாது. ஃபேனும் எந்நேரமும் ஓடினால், வண்டி தன் நோயைச் சொல்லும் இரண்டு வாய்களும் கட்டப்பட்டுவிடுகின்றன. தாங்கவே முடியாத நாளில், திம்பத்தின் பதினான்காவது வளைவில்தான் அது வெளியே வரும்.

வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடி, சூட்டைக் கொடுக்க நேரமில்லாமல் போய்விடும் என்று ஒரு விளக்கம் பட்டறைகளில் உண்டு. அது சரியில்லை. ஓட்டம் கூடினால் ரேடியேட்டர் வெளியேற்றும் சூடும் கூடத்தான் செய்யும். வால்வை எடுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு அது காரணம் அல்ல.

ஆகவே நோயைத் தேடும் முன், வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு பாகமும் வாங்குவதில்லை என்ற என் முடிவில் இது ஒன்றுதான் விலக்கு: புது தெர்மோஸ்டாட்டும் கேஸ்கெட்டும்.

மாட்டும் முன் சோதித்தேன். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர், அடுப்பு, சமையலறை வெப்பமானி. தெர்மோஸ்டாட்டின் வால்வு விளிம்பை நகத்தால் லேசாகத் திறந்து, அந்த இடுக்கில் தையல் நூலின் நுனியைக் கொடுத்து மூடவிட்டு, நூலைப் பிடித்துத் தண்ணீரில் தொங்கவிட்டேன். அடியில் தொடாமல் நடுவில் தொங்க வேண்டும். 70, 75, 80. அசைவில்லை. 83-இல் நூல் கையில் சட்டென்று லேசானது. வால்வு திறந்து, தெர்மோஸ்டாட் நூலை விட்டுவிட்டு அடியில் போய் விழுந்தது. உடம்பில் பொறித்திருந்த எண் 82. ஒரு டிகிரி வித்தியாசம் என் வெப்பமானியுடையதாகவே இருக்கலாம். அதே பாத்திரத்தில் தெர்மோ சுவிட்சின் மூக்கை மட்டும் முக்கி, மல்டிமீட்டரை பஸர் நிலையில் வைத்தேன். தொண்ணூறைத் தாண்டிச் சில டிகிரியில் பீப் சத்தம் வந்தது, ஆறியதும் நின்றது. சுவிட்ச் நல்லாவே இருந்திருக்கிறது. யாரும் அதைச் சோதிக்காமலே கழற்றிப் போட்டிருக்கிறார்கள். டைரக்ட் ஒயரைப் பிடுங்கி, சாக்கெட்டின் பச்சை பிடித்த முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, சுவிட்சை மறுபடி மாட்டினேன்.

தெர்மோஸ்டாட்டை மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். விளிம்பில் ஆடும் சிறு ஊசி ஒன்று இருக்கும். அது மேல்பக்கம் வர வேண்டும். தண்ணீர் நிரப்பும்போது அடைபடும் காற்று அந்த ஓட்டை வழியாகத்தான் தப்பிக்கும்.

மறுநாள் ஓட்டினால், முன்பைவிட வேகமாகச் சூடானது. ஊருக்குள்ளேயே முள் முக்காலை நெருங்கியது. அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது, "இருந்ததையும் கெடுத்துட்டியோ?" என்றார். எனக்கோ அன்றுதான் நம்பிக்கை வந்தது. வண்டி பேசத் தொடங்கியிருந்தது.

முள் சொல்வது உண்மையா?

பழைய வண்டியில் முள்ளை அப்படியே நம்ப முடியாது. சென்சாருக்கும் முள்ளுக்கும் நடுவில் இருபத்தைந்து வருஷத்து ஒயர். எர்த் சரியில்லை என்றால் ஹெட்லைட் போட்டதும் முள் நகரும், எஞ்சின் சூடு மாறாமலே. ஹெட்லைட்டைப் போட்டு, அணைத்துப் பார்த்தேன். அசையவில்லை. பிறகு, தூரத்திலிருந்தே சூடு அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கினேன். பளபளக்கும் உலோகத்தில் அது பொய் சொல்லும், உண்மையைவிடக் குறைத்தே காட்டும். அதனால் தெர்மோஸ்டாட் மூடியிலும் ரேடியேட்டரின் மேல் தொட்டியிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அளந்தேன். முள் முக்காலில் இருந்தபோது தெர்மோஸ்டாட் மூடியில் 101. முள் உண்மையைத்தான் சொல்கிறது.

101 டிகிரியில் தண்ணீர் கொதிக்காதா என்றால், அழுத்தம் இருக்கும்வரை கொதிக்காது. 0.9 பார் அழுத்தம்வரை தாங்கும் ரேடியேட்டர் மூடி நல்ல நிலையில் இருந்தால் உள்ளே இருக்கும் வெறும் தண்ணீரின் கொதிநிலை 118-ஐ ஒட்டிப் போகும். மூடி பலவீனமானால் 100-லேயே கொதித்து, ரிசர்வ் டேங்க் வழியாக வெளியேறும். திம்பம் உச்சி ஏறத்தாழ 1100 மீட்டர். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 96-லேயே கொதித்துவிடும். மலையில் மூடி எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

என் வண்டியின் மூடியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். ரப்பர் வளையம் வெடித்து, ரேடியேட்டர் கழுத்தின் தடம் அதில் பள்ளமாகப் பதிந்திருந்தது. நடுவில் இருக்கும் குட்டி வெற்றிட வால்வை நகத்தால் இழுத்தால் வரவில்லை. துரு பிடித்து ஒட்டியிருந்தது. எஞ்சின் ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வது அந்த வால்வின் வேலை. அது வேலை செய்யவில்லை என்றால் வெளியே போன தண்ணீர் போனதுதான். இரவில் மேல் ஹோஸ் வற்றிய கன்னம் போல ஒட்டிக் கிடந்ததற்கு இதுதான் காரணம். அதை நான் பல மாதமாகப் பார்த்திருக்கிறேன், ஹோஸுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து விட்டிருக்கிறேன்.

மூடி தப்பு என்று உறுதியாகத் தெரிந்ததால் வாங்கி மாட்டினேன். தண்ணீர் குறைவது நின்றது. சூடு நிற்கவில்லை.

பயந்ததைப் பார்த்துவிடுவது

இந்த இடத்தில் மனதில் ஓடியது ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. அலுமினிய ஹெட் ஒருமுறை நன்றாகச் சூடேறினால் வளைந்துவிடும். பிறகு சிலிண்டரின் எரிவாயு தண்ணீருக்குள் புகும். அப்படி இருந்தால் மற்ற வேலையெல்லாம் வீண். காலையில் ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தேன். கேஸ்கெட் போயிருந்தால், தண்ணீர் சூடாகும் முன்பே கழுத்தில் குமிழி இடைவிடாமல் வரும். ஆக்ஸிலரேட்டரைக் கூட்டினால் குமிழியும் கூடும். ஐந்து நிமிடம் குனிந்து பார்த்தேன். முதலில் இரண்டு மூன்று குமிழி, அப்புறம் இல்லை. ஆயில் மூடியின் உட்புறம் மோர் நிறத்தில் பசை இல்லை. மூன்று ஸ்பார்க் பிளக்கும் ஒரே நிறம். தண்ணீர் புகும் சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவி விட்டது போல இருக்கும், அப்படியும் இல்லை. பெரிய நிம்மதி.

வாட்டர் பம்ப் புல்லியைப் பிடித்து ஆட்டினேன், ஆட்டம் இல்லை, ஒழுகல் தடமும் இல்லை. பெல்ட் இறுக்கம் சரி. தெரிந்த மெக்கானிக் அண்ணன் டைமிங் லைட் வைத்து இக்னிஷனைப் பார்த்துக் கொடுத்தார். தீப்பொறி விழும் நேரம் பின்தங்கினாலும் எஞ்சின் சூடாகும், அதுவும் சரி. நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் ஏற்றிச் சுற்றிப் பார்த்தேன். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினால் எஞ்சினுக்குச் சுமை. எதுவும் பிடிக்கவில்லை.

கீழ் ஹோஸ்

மூன்றாவது வாரம். எஞ்சினைச் சூடேற்றி, ஃபேன் ஒருமுறை ஓடி நின்றதும், ரேடியேட்டருக்கு உள்ளே போகும் மேல் ஹோஸையும் வெளியே வரும் கீழ் ஹோஸையும் அளந்தேன். மேலே 96, கீழே 57.

இதைப் பார்த்து, "ரேடியேட்டர் பிரமாதமாகக் குளிர்விக்கிறது" என்று நினைத்துவிடத் தோன்றும். நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். எஞ்சின் சூடாகிக்கொண்டிருக்கும்போது இவ்வளவு வித்தியாசம் இருப்பது நல்லதற்கு அல்ல. தண்ணீர் மிகக் குறைவாக, மிக மெதுவாகப் போகிறது, போகும் கொஞ்சமும் நன்றாக ஆறிவிடுகிறது என்று பொருள். பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் இருந்திருந்தால் ஓட்டம் சரி, காற்றுப் பக்கம்தான் கோளாறு, ரேடியேட்டர் குழாய்களுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய தகடுகளில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கிறது என்று அந்தப் பக்கம் தேடியிருப்பேன். என் எண்கள் கையைப் பிடித்து ரேடியேட்டரின் உள்ளே கூட்டிப் போயின.

கிரில்லைக் கழற்றி, முன்பக்கமிருந்து ரேடியேட்டரின் முகத்தை வரிசை வரிசையாகத் துப்பாக்கியால் அளந்தேன். இடது பக்கம் எண்பதுகளில். நடுவில் எழுபது. வலது கீழ் மூலையில், ஒரு கை அகலத்துக்கு, 46, 44. சித்திரை வெயிலில் நிற்கும் தகரத்தின் சூடு அது. அந்தக் குழாய்களில் தண்ணீரே போகவில்லை.

இன்னும் ஒன்று பார்க்க இருந்தது. தம்பியை உள்ளே உட்காரவைத்து, "மெதுவா ரேஸ் கொடு" என்று சொல்லிவிட்டுக் கீழ் ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் உயர உயர, ஹோஸின் நடு வயிறு உள்ளே இழுத்தது. இன்னும் கொஞ்சம் கொடுத்ததும் இரண்டு பக்கமும் ஒட்டி, பட்டையாகிப் போனது. காலை எடுத்ததும் 'பொக்' என்று விரிந்தது. இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ராவின் வாயில் வழுக்கை வந்து அடைத்தால், உறிஞ்ச உறிஞ்ச ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளுமே, அதே காட்சி. பம்ப் உறிஞ்சுகிறது, ரேடியேட்டர் தண்ணீரை விடமாட்டேன் என்கிறது, நடுவில் மெத்தென்று போன ஹோஸ் நசுங்குகிறது. நசுங்கியதும் வந்துகொண்டிருந்த கொஞ்சமும் நின்றுவிடும். 80-இல் போனால் சூடாவதும் 50-க்கு வந்தால் இறங்குவதும் என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. தம்பியை இறக்கி அவனுக்கும் காட்டினேன். அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று பேரும் அந்த ஹோஸைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ரேடியேட்டர் கடையில்

பழைய தண்ணீரை வாளியில் பிடித்தேன். தேநீர் நிறம், அடியில் செம்மண் போல வண்டல். தெருவில் ஊற்றவில்லை. கூலன்ட் கலந்த தண்ணீர் இனிக்கும், நாய்கள் குடித்துச் செத்துப்போகும். மூடியுள்ள கேனில் ஊற்றி வைத்தேன்.

கழற்றிய ரேடியேட்டரை நிமிர்த்திப் பிடித்து, மேல் வாயில் தோட்டத்து ஹோஸைத் திறந்துவிட்டேன். நல்ல ரேடியேட்டர் என்றால் ஊற்றும் வேகத்தில் கீழ் வாயில் கொட்ட வேண்டும். இதில் கீழே விரல் கனத்தில் ஒழுகியது, மேலே நிரம்பி வழிந்தது. இந்த ஒரு சோதனைக்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

கடை பாய் அதைக் கையில் வாங்கியதுமே, "உப்பு, தம்பி. கனத்திலேயே தெரியுது" என்றார்.

"மருந்து ஊத்தி ஓட்டினா சரியாயிடுமா பாய்?"

"இவ்வளவு அடைச்ச பிறகு மருந்து திறந்த குழாய்லதான் போகும். அடைச்சதுல எப்படிப் போகும்? மேல் டேங்கைப் பிரிச்சு ராட் விட்டுடலாம். பித்தளைதான், தாங்கும்."

அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. பாட்டிலில் விற்கும் ரேடியேட்டர் ஃப்ளஷ் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ப்ளோ லாம்ப் சுடரை மேல் தொட்டியின் ஓரமாக ஓட்டிக்கொண்டே போனார். ஈயம் இளகிப் பளபளத்து வழிந்ததும், இடுக்கியால் தொட்டியைத் தூக்கி எடுத்தார். உள்ளே வரிசையாகச் சப்பைக் குழாய்களின் வாய்கள். பாதிக்கு மேல் வாய் தெரியவில்லை. வெந்நீர் அண்டாவின் அடியில் ஒட்டுமே, அதே சாம்பல் வெள்ளைப் பொறுக்கு, அதன் மேல் துருவின் பழுப்பு. மெல்லிய இரும்புப் பட்டை ஒன்றை ஒவ்வொரு குழாயிலும் விட்டு, மேலும் கீழும் இழுத்தார். முதலில் கரகரவென்ற சத்தம், பிறகு வழுக்கிக்கொண்டு போகும் சத்தம். காதாலேயே தெரிந்துகொண்டு அடுத்த குழாய்க்குப் போனார். கீழே விரித்த காகிதத்தில் தவிடு போல உப்பு கொட்டிக்கொண்டே இருந்தது. எல்லாம் முடிந்ததும் தொட்டியை மீண்டும் பற்றவைத்து, வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றழுத்தம் கொடுத்தார். ஓரத்தில் ஓர் இடத்தில் முத்து முத்தாகக் குமிழி. அங்கே ஒரு பொட்டு ஈயம். மறுபடி முக்கினார், குமிழி இல்லை. புது ரேடியேட்டரின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது?

காகிதத்தில் கொட்டியதில் கொஞ்சத்தை ஒரு டப்பாவில் எடுத்து வந்தேன். ஒருமுறை நிரப்பிய தண்ணீரில் அவ்வளவு உப்பு இருக்க முடியாது. ஆனால் அப்பா தினமும் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பார், குறைந்திருந்தால் போர் தண்ணீரை ஊற்றுவார். அம்பாசிடர் ஓட்டிய காலத்துப் பழக்கம். வண்டி மேல் அவர் வைத்த அக்கறை அது. ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை.

கணக்குப் போட்டேன். வாரம் அரை லிட்டர் என்றால் வருஷத்துக்கு 26 லிட்டர். குடிநீரில் வேறு வழியில்லாதபோது அனுமதிக்கப்படும் கடினத்தன்மையின் இந்திய வரம்பு லிட்டருக்கு 600 மில்லிகிராம். எங்கள் போர் தண்ணீர் அந்த அளவு என்றே வைத்துக்கொண்டாலும், வருஷத்துக்கு 15 கிராமுக்கு மேல் சுண்ணாம்பு எஞ்சினுக்குள் போகிறது. பத்து வருஷத்தில் 150 கிராம். எல்லாமே படியாது, ஒரு பகுதி வெளியேறும் தண்ணீரோடு போய்விடும். ஆனாலும் சூடு பட்டதும் தண்ணீரிலிருந்து பிரிந்து ஒட்டிக்கொள்வது இந்த உப்பின் குணம். ஒட்டியபின் செம்பைவிட நூறு மடங்குக்கு மேல் மந்தமாகத்தான் சூட்டைக் கடத்தும். குழாய் அடைபடும் முன்பே ரேடியேட்டர் பலவீனமாகத் தொடங்கியிருக்கும்.

ஏன் வாராவாரம் தண்ணீர் குறைந்தது? அந்த மூடி. வெடித்த ரப்பர் அழுத்தத்தைத் தாங்கவில்லை, ஒட்டிப்போன வால்வு தண்ணீரைத் திரும்பக் கொண்டுவரவில்லை. குறைந்ததை நிரப்ப உப்புத் தண்ணீர், உப்பால் அடைப்பு, அடைப்பால் சூடு, சூட்டால் இன்னும் வேகமாகத் தண்ணீர் குறைந்தது. இந்தச் சுழல் பிடிபடும் நேரத்தில் தெர்மோஸ்டாட்டை எடுத்து, ஃபேனை டைரக்ட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பட்டறையில் அன்று மூடியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்பாவிடம் கணக்கைச் சொன்னேன். டப்பாவைத் திறந்து விரலில் தொட்டுப் பார்த்தார். "நான் ஊத்தினதா இது?" என்றார். "மூடி கெட்டதால வந்ததுப்பா. நீங்க ஊத்தலைன்னா எஞ்சின் என்னிக்கோ சீஸ் ஆகியிருக்கும்" என்றேன். அது உண்மையும்கூட.

மாட்டியது

எஞ்சின் பக்கத்தை வெறும் தண்ணீரால், தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, தெளிவாக வரும்வரை எதிர்த்திசையில் அலசினேன். சிட்ரிக் அமிலம் போடச் சொன்னார்கள். அலுமினிய ஹெட்டில் அமிலத்தின் அளவு தப்பினால் என்ன ஆகும் என்ற பயத்தில் போடவில்லை. கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில். இரண்டு ஹோஸும் புதிது. நசுங்காமல் தாங்கும் கனமான கீழ் ஹோஸாகக் கேட்டு வாங்கினேன். கூலன்ட் மூன்றில் ஒரு பங்கு, மீதி டிஸ்டில்டு வாட்டர். நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை, கூலன்டில் இருக்கும் துருத் தடுப்பு மருந்துதான் நமக்கு வேண்டும். அதற்கு இந்த அளவு போதும். நான்கு லிட்டருக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காற்று அடைபடாமல் நிரப்ப, வீட்டு வாசல் சாய்தளத்தில் வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்துவைத்து, ஹோஸ்களை அமுக்கி அமுக்கி ஊற்றினேன். தெர்மோஸ்டாட் திறந்ததும் கழுத்தில் தண்ணீர் சட்டென்று இறங்கியது. இன்னும் அரை லிட்டர் குடித்தது. அப்புறம் மூடி. முழுச் சூட்டில் மேல் ஹோஸ் 92, கீழ் ஹோஸ் 80. தம்பி மறுபடி ரேஸ் கொடுத்தான், கீழ் ஹோஸ் அசையவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து அதே நேரம், அதே நான்கு பேர், திம்பம். முள் பாதிக்குக் கீழே ஒரே இடத்தில் நின்றது. பத்தொன்பதாவது வளைவில் ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோது ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. லாரி வழிவிட்டதும் நின்றது. ஆசனூரில் டீ குடித்துவிட்டு வந்து பானெட்டைத் திறந்தேன். ரிசர்வ் டேங்கில் நான் போட்ட பேனாக் கோட்டுக்கு ஒரு விரல் மேலே இருந்தது. மறுநாள் காலை, ஆறியதும், கோட்டுக்கே இறங்கியிருந்தது.

கூலன்டில் இப்போது லேசான பழுப்பு தெரிகிறது. பிளாக்கின் மூலைகளில் மிச்சமிருந்த துரு கரைந்து வருகிறது என்று நினைக்கிறேன். ஆடி முடிவதற்குள் ஒருமுறை முழுதாக மாற்றிவிடுவேன். நிரப்பிய தேதியையும் கலவை அளவையும் ஒரு சீட்டில் எழுதி, பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். டிக்கியில் இருந்த போர் தண்ணீர் கேனை அப்பாவே எடுத்து செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு, அந்த இடத்தில் கலந்து வைத்த கூலன்ட் பாட்டிலை வைத்திருக்கிறார்.